சும்மா இருந்த கம்ப்யூட்டர்

ஜூன் 3

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். பயப்படாதே, வீட்டில் எல்லோரும் நலம். நான் கடிதம் எழுதினால் யாரோ போய்விட்டார்கள் என்று நினைக்கிற குடும்பம் நம்முடையது. பத்தாவதை இரண்டு தவணையில் பாஸ் செய்தவன் பேனாவைத் தொடுகிறான் என்றால் வேறென்ன காரணம் இருக்க முடியும்?

காரணம் உன் அம்மா. போன ஞாயிற்றுக்கிழமை நீயும் நானும் போனில் கத்தியது மாடி வீட்டுக்காரருக்கே கேட்டுவிட்டதாம். நீ "வையுங்க போனை" என்றாய். நான் "நீ வை முதல்ல" என்றேன். கடைசியில் இரண்டு பேருக்கும் பதிலாக அம்மாவே வைத்தாள். வைத்த கையோடு உத்தரவு: "இனிமே அப்பாவும் பொண்ணும் போன்ல பேசக் கூடாது. ஏதாவது சொல்லணும்னா எழுதுங்க. எழுதினா கை வலிக்கும். கை வலிச்சா அப்பவாவது நிறுத்துவீங்க."

உன்னிடமும் இதையே சொல்லியிருப்பாள். அவளோடு மட்டும் நீ பேசலாமாம். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்து நீ என்ன சொல்கிறாய் என்று யூகித்துக்கொள்ளலாமாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஜனவரியில் நீ லீவில் வந்திருந்தபோது எதிர்க்கடை டைல்ஸ்காரன் வீட்டுக்கு வந்தான். "உன் பொண்ணு எப்ப இங்கேயே வந்துடுவா?" என்று கேட்டான். நான் வாய் தவறி, இல்லை, வாய் ஒன்றும் தவறவில்லை, எப்போதும் போலத்தான் இருந்தது, "வருஷக் கடைசியில வேலையை விட்டுட்டு வந்துடுவா. அப்புறம் உன் பையனுக்கும் அவளுக்கும் பேசி முடிச்சிடலாம்" என்றேன். நீ சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மெதுவாகச் சொல்லியிருப்பேன். அன்றைக்கே நீ முடியாது என்றுவிட்டாய், இன்னும் அதே சண்டைதான்.

இதற்கு மேலே நாலு வரி கறுப்பாக அடித்திருக்கிறதே, அது என் பக்கத்து நியாயத்தை எழுதிய இடம். எழுதியதை அம்மா படித்துப் பார்த்துத்தான் தபாலில் சேர்ப்பாளாம். இதுவும் உத்தரவில் அடக்கம்.

நீ வாங்கித் தந்த கம்ப்யூட்டர் நம் பெயின்ட் கடை மேசையில் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறது. சின்ன விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருக்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறேன்: "உள்ள சுத்துறது எங்க பொண்ணு கம்பெனில செஞ்சது." அவர்களும் காதை வைத்துக் கேட்டுவிட்டு, மறக்காமல் பெயின்ட்டில் விலை குறைக்கச் சொல்கிறார்கள்.

ஒன்று கேட்கிறேன், சிரிக்காதே. உன் வேலை என்னம்மா? டைல்ஸ்காரன் கேட்டான். "கம்ப்யூட்டருக்கு உள்ள வேலை" என்றேன். "உள்ளன்னா எங்க?" என்றான். "ரொம்ப உள்ள" என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன்.

கை வலிக்கிறது. அம்மா ஜெயித்துவிட்டாள்.

அப்பா


ஜூன் 16

அப்பாவுக்கு,

அம்மா சொன்னதால் எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தை உடை மாற்றும் அறையில், செருப்பு வைக்கிற பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன். நாங்கள் வேலை செய்கிற கூடத்துக்குள் சாதாரணக் காகிதம் போக முடியாது. பிரித்து மடித்தால் நார் உதிரும். உள்ளே எல்லோரும் தலை முதல் கால் வரை வெள்ளை அங்கி போட்டிருப்போம், கண் மட்டும் தெரியும். நடையைப் பார்த்துத்தான் யார் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

வேலை என்ன என்று கேட்டீர்கள். கம்ப்யூட்டரில் சேர்த்து வைப்பதெல்லாம் ஹார்ட் டிஸ்க் என்ற சின்னப் பெட்டிக்குள் போகும். அதற்குள் கண்ணாடி போலப் பளபளக்கும் தட்டு ஒன்று, மின்விசிறியைவிடப் பல மடங்கு வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். அதன்மேல் கடுகளவு ஒரு துண்டு. அதைத் 'தலை' என்போம். எழுதுவதும் படிப்பதும் அந்தத் தலைதான். தட்டு சுற்றுகிற காற்றிலேயே தலை மிதக்கும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில் புகைத்தூள்கூடப் புகாது. தட்டின்மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய எண்ணெய்ப் படலம் பூசியிருப்போம். தலை தட்டை உரசினால் மேற்பரப்பு தேயும். தேய்ந்தால் அதில் எழுதியிருந்தது போனதுதான், திரும்பி வராது.

அது தேயாமல் பார்ப்பது என் வேலை. கம்ப்யூட்டரை அணைத்தால் தட்டு நிற்கும், தலை இறங்கித் தட்டின்மேல் உட்காரும். திரும்பப் போட்டால் உரசிக்கொண்டே கிளம்பும். தேய்மானம் அங்கேதான். அதனால் நாள் முழுக்க டிஸ்க்குகளைப் போடுவதும் அணைப்பதுமாகச் சோதித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது அந்த விஷயம். நான் வீட்டில் இருக்கும்போதே, நான் இல்லாதவள் மாதிரி, என்னைப் பற்றி ஒருவருக்கு வாக்குக் கொடுத்தீர்கள். டைல்ஸ் மாமா பையன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள விருப்பமில்லை, அவ்வளவுதான். குறை உங்கள்மேல்.

டிசம்பர் வரை நான் இங்கே தற்காலிகம். டிசம்பரில் நிரந்தரமாக்கினால் இங்கேயே இருப்பேன். மாமாவிடம் இதை நீங்களே சொல்லிவிடுங்கள். அந்தக் கம்ப்யூட்டர் பில் போடுவதற்காக வாங்கித் தந்தது. காட்சிக்கு வைக்க அல்ல.

உங்கள் மகள்


ஜூன் 29

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். இரண்டு தடவை புரிவதற்காக. ஒரு தடவை, எங்காவது "அன்புள்ள" என்று போட்டிருக்கிறாயா என்று தேடுவதற்காக.

எண்ணெய்ப் படலம் விஷயம் எனக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது, ஏனென்றால் அது என் துறை. சுவரில் ஒரு கோட் அடித்தால் ஒரு வருஷம், இரண்டு கோட் அடித்தால் நாலு வருஷம். நீங்களும் இரண்டு கோட் அடித்துவிடுங்கள். இதை உங்கள் மேலாளரிடம் நான் சொன்னதாகவே சொல்லலாம். கூச்சப்படாதே.

டைல்ஸ்காரனிடம் சொல்லச் சொன்னாய். சொல்லத்தான் போனேன். போன நேரம் பார்த்து அவன் புது டைல்ஸ் ஒன்றைக் காட்டி, "இதை உங்க வீட்டு ஹாலுக்கு எடுத்து வச்சிருக்கேன், சம்பந்தி ஆகப் போறவன்கிட்ட லாபம் பாக்கக் கூடாது" என்றான். சொல்ல வந்ததை விட்டுவிட்டு டைல்ஸைத் தடவிப் பார்த்தேன். டைல்ஸ் நல்ல டைல்ஸ்தான். மழமழவென்று இருக்கிறது. வழுக்கும் என்று அம்மா சொல்கிறாள்.

டிசம்பருக்கு இன்னும் காலம் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். நிரந்தரமாக்காமலும் போகலாம் அல்லவா? ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன்.

(இந்த வரியை அடிக்கச் சொல்லி அம்மாவிடம் நானே கொடுத்தேன். "இது இருக்கட்டும், உங்க லட்சணம் அவளுக்குத் தெரியட்டும்" என்று விட்டுவிட்டாள்.)

பில் போடுவதைப் பற்றி: கற்றுக்கொள்ளலாம் என்றுதான் இருக்கிறேன். ஆனால் பெயின்ட் பட்ட விரலால் அதைத் தொட மனசு வரவில்லை. விசைப்பலகைக்குப் பிளாஸ்டிக் உறை போட்டிருக்கிறேன். தினமும் உறையைத் துடைக்கிறேன்.

அப்பா


ஜூலை 20

அப்பாவுக்கு,

இரண்டு கோட் யோசனையை எண்ணெய் அக்காவிடம் சொன்னேன். தட்டுகளை எண்ணெயில் முக்கி எடுக்கிற பிரிவில் வேலை செய்கிறவர். அவருக்கு நான் வைத்த பெயர்தான் இது, நேரில் சொல்ல மாட்டேன். பத்து நாளாகச் சிரிக்காதவர் அன்று சிரித்தார். "உங்கப்பாவை இங்க வேலைக்கு விடாதடி, எல்லாத் தலையும் ஒட்டிக்கும்" என்றார். உண்மைதான். படலம் கொஞ்சம் தடித்தாலும், ஈரக் கண்ணாடி இரண்டு ஒட்டிக்கொள்கிற மாதிரி தலை தட்டில் ஒட்டிக்கொள்ளும். மோட்டாரால் சுற்ற முடியாது. குறைந்தால் தேயும், கூடினால் ஒட்டும்.

அவர் சிரிக்காததற்குக் காரணம் இருக்கிறது. நான் தேறியது என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிய டிஸ்க்குகளில் சில, கெட்டுப்போய்த் திரும்பி வருகின்றன. திறந்து பார்த்தால் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி: தட்டில் மெல்லியதாக ஒரு வளையம், அந்த இடத்தில் மட்டும் தேய்ந்திருக்கிறது. தலை இறங்குகிற இடத்தில் என்றால் புரிந்துகொள்ளலாம். இது வேறெங்கோ, தலை மிதந்துகொண்டிருக்க வேண்டிய இடத்தில். மிதப்பது எப்படித் தேய்க்கும்?

மேலாளர் எண்ணெய்ப் பிரிவைக் கை காட்டுகிறார். படலத்தை ஒழுங்காகப் பூசவில்லை என்கிறார். அக்காவை வேலையிலிருந்து எடுக்கப் பேச்சு நடக்கிறது. அவர் பூசியதை நான் அளந்து பார்த்தவள். சரியாகத்தான் இருந்தது. "அப்படின்னா உன் சோதனை தப்பு" என்கிறார் மேலாளர். போட்டு அணைத்து, எழுதி அழித்து, எல்லா வழியிலும் வதைத்துப் பார்த்துவிட்டேன். அந்த வளையம் எனக்கு வரவே மாட்டேன் என்கிறது. டிஸ்க்கை எப்படிப் பயன்படுத்தினீர்கள் என்று கேட்டால், திருப்பி அனுப்பினவர்கள் எல்லோரும் "சாதாரணமாகத்தான்" என்கிறார்கள். இதை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

காரணத்தைக் கண்டுபிடிக்காவிட்டால் அக்கா இப்போதே போவார், நான் டிசம்பரில் போவேன். நீங்கள் சொன்னது நடந்துவிடும். டைல்ஸ் மாமாவிடம் எதுவும் சொல்ல வேண்டிய அவசியம் இருக்காது. சந்தோஷமாக இருங்கள்.

உங்கள் மகள்


ஆகஸ்ட் 2

அன்பு மகளுக்கு,

பொய் சொல்லத் தெரியாதவன் இல்லை நான். வியாபாரி. ஆனால் உன்னிடம் சொல்லி என்றைக்கு ஜெயித்திருக்கிறேன்? "டிசம்பரில் போவேன்" என்று நீ எழுதியதைப் படித்ததும் எனக்குச் சந்தோஷம் வந்தது. வந்தது வந்ததுதான். உன் அறையை ஒட்டடை அடித்து, ஜன்னலுக்கு எந்த நிறம் என்றுகூட யோசித்துவிட்டேன். அப்புறம்தான் மறுபடி படித்தேன். எண்ணெய்க்காரம்மா பத்து நாளாகச் சிரிக்கவில்லை என்று எழுதியிருந்தாய். நீ சிரித்தாயா என்று எழுதவில்லை. பிரஷைக் கீழே வைத்துவிட்டேன்.

இதோடு ஒரு கெட்ட செய்தியும் சொல்ல வேண்டியிருக்கிறது. கம்ப்யூட்டர் போய்விட்டது.

முதலில் "டிக் டிக்" என்று ஒரு சத்தம். கடிகாரம் என்று நினைத்தேன். கடையில் கடிகாரம் நின்று வெகு காலம். அப்புறம் "கர்ர்" என்று, அரிசியில் கல் கடிபட்டது மாதிரி. திரையில் வெள்ளையாக ஏதோ இரண்டு வரி வந்தது. படித்துப் பார்த்ததில் நல்ல செய்தியாகத் தெரியவில்லை. டைல்ஸ்காரன் வந்து, "மேல ரெண்டு தட்டு தட்டுடா, சரியாயிடும்" என்றான். அவன் டிவியை அப்படித்தான் ஓட்டுகிறான். நான் விடவில்லை. கையைப் பிடித்துக்கொண்டேன்.

நான் ஒன்றுமே செய்யவில்லையம்மா. நீ வைத்துவிட்டுப் போன நாளிலிருந்து ஒரு பொத்தானைக்கூட அழுத்தவில்லை. ஊருக்குக் கிளம்புகிற அவசரத்தில் நீ சொன்ன ஒரே விஷயம், "சும்மா சும்மா ஆன் ஆஃப் பண்ணாதீங்கப்பா, அப்பதான் தேயும்." அதனால் நான் அணைக்கவே இல்லை. கடையைப் பூட்டினாலும், கரண்ட் போனாலும் (இன்வெர்ட்டர் இருக்கிறது) அது எரியும். ஞாயிற்றுக்கிழமை லீவு எனக்குத்தான், அதற்கு இல்லை. கரண்ட் பில்லைப் பார்த்து உன் அம்மா கேட்டாள்: "பகல்ல நீங்க சும்மா உக்காந்திருக்கீங்க, ராத்திரில அது சும்மா உக்காந்திருக்கு. ரெண்டுக்கும் நான்தான் செலவு பண்ணணுமா?" அப்போதுகூட நான் அசையவில்லை. பொண்ணு சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள் என்றேன்.

இவ்வளவு பத்திரமாக வைத்தும் கெட்டுவிட்டது என்றால், என் ராசி அப்படி. உன் சம்பளத்தில் வாங்கியது. மன்னித்துக்கொள்.

அப்பா


ஆகஸ்ட் 9

அன்புள்ள அப்பா,

யாரையும் தொட விடாதீர்கள். திரும்பப் போட்டுப் பார்க்காதீர்கள். டைல்ஸ் மாமாவைப் பக்கத்திலேயே விடாதீர்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, அந்தச் செருப்பு பெஞ்சிலேயே உட்கார்ந்து மறுபடி படித்தேன். கம்ப்யூட்டரை யாரும் பயன்படுத்தாமல், ஆனால் அணைக்காமல் வைத்திருந்தால் என்ன ஆகும் என்று நாங்கள் ஒருவரும் சோதித்துப் பார்த்ததில்லை. ஓய்வில் இருப்பது தேயுமா என்ன என்ற நினைப்பு. வேலை கொடுத்தால் தலை அங்குமிங்கும் ஓடும். வேலை இல்லாவிட்டால், கடைசியாக எங்கே இருந்ததோ அங்கேயே மிதந்துகொண்டு நிற்கும். மாதக்கணக்காக ஒரே இடத்துக்கு மேலேயே நின்றால், கீழே இருக்கும் எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுங்கிப் போகலாம். போனால் தட்டு அங்கே வெறுமையாகிவிடும். அப்புறம் லேசாக உரசினாலே போதும்.

இது என் ஊகம்தான். உங்கள் டிஸ்க்கைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். கம்ப்யூட்டர் கடைக்காரர் யாரையாவது கூப்பிட்டு, டிஸ்க்கை மட்டும் கழற்றித் தரச் சொல்லுங்கள். தலையணை கனத்துக்குப் பஞ்சு சுற்றி, பெட்டியில் வைத்து அனுப்புங்கள். கூடவே ஒரு தாளில் நீங்கள் அதை எப்படி வைத்திருந்தீர்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அழகுபடுத்தாதீர்கள். இங்கே வந்ததெல்லாம் "சாதாரணமாக" என்ற ஒரு வார்த்தைதான். நிஜத்தைச் சொல்ல எனக்கு ஒரே ஒருவராவது வேண்டும்.

உங்கள் ஜூன் மாதக் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். "சின்ன விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருக்கிறது" என்று அதிலேயே எழுதியிருக்கிறீர்கள். நான் கோபத்தோடு படித்தேன், கண்ணில் படவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தெரியாமல் அனுப்பிவிட்டேன் என்று பின்னால் நீங்கள் வருத்தப்படக் கூடாது. என் ஊகம் சரியாக இருந்தால் அக்காவின் வேலை நிற்கும். என்னையும் நிரந்தரமாக்குவார்கள். நான் இங்கேயே இருந்துவிடுவேன். வருஷத்துக்கு ஒரு தடவை, லீவு கிடைத்தால், வருவேன். இதைத் தெரிந்துகொண்டு, அனுப்புவதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

உங்கள் மகள்


ஆகஸ்ட் 24

அன்பு மகளுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். டிஸ்க்கை மறுநாளே கழற்றியாகிவிட்டது. இவ்வளவு கனமான கம்ப்யூட்டருக்கு உயிர் இத்தனூண்டு பெட்டிக்குள் இருந்ததா என்று ஆச்சரியமாக இருந்தது. பஞ்சு சுற்றிக் கடை மேசையில் வைத்தேன். வைத்ததோடு சரி.

அம்மா கேட்டாள், "அனுப்பியாச்சா?"

"அட்டைப்பெட்டி கிடைக்கல."

"பெயின்ட் கடையில அட்டைப்பெட்டி கிடைக்கலையா?"

வியாபாரி என்று போன கடிதத்தில் பெருமையாக எழுதினேனே, அந்த லட்சணத்தைப் பார்.

டைல்ஸ்காரன் வழக்கம்போலத் தேநீருக்கு வந்தான். "என்னடா பொட்டலம்?" என்றான். "பொண்ணுக்கு அனுப்பணும்" என்றேன். "அவளே டிசம்பர்ல வந்துடுவா, எதுக்குச் செலவு பண்ற? வந்ததும் கையில கொடு" என்றான். அவன் தேநீரை ஊதி ஊதிக் குடித்தான். நான் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் சொன்னதில் என்ன தப்பு? பேசாமல் விட்டுவிட்டால் போதும். நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. நீ வந்துவிடுவாய். சாயங்காலம் கடைக்கு வந்து, "என்னப்பா, கல்லாவைப் பூட்டாம எங்க போனீங்க?" என்று என்னைத் திட்டுவாய். நான் சும்மா இருந்தால் மட்டும் போதும். சும்மா இருப்பதில் எனக்கு எவ்வளவு அனுபவம்.

மறுபடியும் அம்மா வந்தாள். பொட்டலத்தை எடுக்கவில்லை, அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அவ அங்க தோத்துட்டு வந்து இந்த வீட்டுல உக்காந்தா, தினம் காலையில அவ முகத்தைப் பாப்பீங்களா?"

"அவ வந்தா உனக்குச் சந்தோஷம் இல்லையா?"

"இல்லன்னு யாரு சொன்னா?" என்றாள். அப்புறம் எழுந்து முகம் கழுவப் போய்விட்டாள். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

நான் வார்னிஷ் டப்பா வந்த பெட்டி ஒன்றைத் தேடி எடுத்தேன். நல்ல கனமான அட்டை. பஞ்சு வைத்து, கயிறு கட்டி, போய் அனுப்பிவிட்டேன். தபால் அலுவலகத்தில், "உள்ளே என்ன?" என்றார்கள். "பழுதான சாமான்" என்றேன். "பழுதானதையா இன்ஷூரன்ஸ் பண்ணி அனுப்பறீங்க?" என்று சிரித்தார்கள்.

நீ கேட்ட தாள் பெட்டிக்குள் இருக்கிறது. இதுதான் எழுதியிருக்கிறேன்: "மேற்படி கம்ப்யூட்டரை என் மகள் ஜனவரியில் போட்டுவிட்டுப் போனாள். நான் அதை ஒரு நாளும் அணைக்கவில்லை. ஒரு வேலைக்கும் பயன்படுத்தவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இது சத்தியம்." அழகுபடுத்தவில்லை. கடைசியில் "இப்படிக்கு, அதன் உரிமையாளர்" என்று போட்டு, பிறகு அடித்துவிட்டு "அவள் அப்பா" என்று போட்டேன்.

அப்பா


அக்டோபர் 12

அன்புள்ள அப்பா,

அம்மாவிடம் போனில் சொல்லியிருந்தேன், உங்களிடமும் சொல்லியிருப்பார். இருந்தாலும் உங்களுக்கு நானே எழுத வேண்டும்.

உங்கள் டிஸ்க்கை எல்லோர் முன்னிலும் திறந்தோம். வளையம் இருந்தது. அதே மாதிரி, அதே மெல்லிசில். மேலாளர் தட்டை விளக்கில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "யார் இந்தக் கம்ப்யூட்டரை வச்சிருந்தது?" என்றார். "பெயின்ட் கடைக்காரர் ஒருத்தர்" என்றேன். பிளாஸ்டிக் உறைக்குள் போட்டிருந்த உங்கள் தாளைப் படித்துக்கொண்டே வந்தவர் கடைசி வரிக்கு வந்ததும் என்னை நிமிர்ந்து பார்த்தார். எண்ணெய் அக்கா அங்கிக்குள்ளிருந்தே சத்தம் போட்டார்: "யாருடி அந்த மனுஷன்? இத்தனை மாசம் ஒரு பட்டனைக்கூடத் தொடாம இருக்க யாரால முடியும்?" "எங்கப்பாவால முடியும்" என்றேன்.

ஒரே டிஸ்க்கை வைத்து முடிவு சொல்ல முடியாது என்றார் மேலாளர். சரியான பேச்சுதான். ஒரு சூடான அறையில் வரிசையாகப் புது டிஸ்க்குகளை வைத்து, ஒரு வேலையும் கொடுக்காமல் சுற்றவிட்டோம். உங்களைப் போலப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தோம். வாரக்கணக்கில். போன வாரம் திறந்தபோது, தலை நின்ற இடத்தில் எண்ணெய் மெலிந்திருந்தது. இரண்டில் வளையமே விழுந்துவிட்டது. திருப்பி அனுப்பினவர்களிடம் மறுபடி பேசினோம், இந்தத் தடவை கேள்வியை மாற்றி: "இரவில் அணைப்பீர்களா?" என்று. பெரும்பாலும் அணைப்பதில்லை. காலையில் வந்து போட்டால் தாமதமாகிறது என்று அப்படியே விட்டுவிடுகிறார்களாம். யாரும் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு அதுதான் சாதாரணம்.

இப்போது டிஸ்க்குக்குள் ஒரு கட்டளை சேர்த்திருக்கிறோம். வேலை இல்லாத நேரத்திலும் தலை ஒரே இடத்தில் நிற்காது. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை தானாக நகர்ந்து இன்னொரு இடத்துக்குப் போகும். ஒதுங்கின எண்ணெய் அதற்குள் திரும்பப் பரவிக்கொள்ளும். அவ்வளவுதான் மருந்து. அப்படி ஓடவிட்டதில் இதுவரை வளையம் இல்லை.

அக்கா வேலையில் இருக்கிறார். எனக்கு நிரந்தர ஆணை வந்துவிட்டது, டிசம்பருக்குக் காத்திருக்காமலே.

அப்பா, இரண்டு மூன்று நாளாக ஒன்றையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். நான் சொன்ன எதையுமே நீங்கள் காதில் வாங்கியதில்லை என்று அம்மாவிடம் எத்தனையோ தடவை அழுதிருக்கிறேன். கிளம்புகிற அவசரத்தில் நான் சொன்ன ஒரு வார்த்தையை, மாதக்கணக்காக, அம்மாவிடம் திட்டு வாங்கிக்கொண்டு, அப்படியே கடைப்பிடித்திருக்கிறீர்கள். அந்த வார்த்தை பாதிதான் சரி என்பது வேறு விஷயம்.

டைல்ஸ் மாமாவுக்கு நான் எழுதட்டுமா? உங்களுக்குச் சங்கடமாக இருந்தால் நானே மன்னிப்புக் கேட்டு எழுதிவிடுகிறேன்.

உங்கள் மகள்


அக்டோபர் 27

அன்பு மகளுக்கு,

நீ எழுத வேண்டாம். நானே போய்ச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வாக்குக் கொடுத்த வாய் என்னுடையது. மன்னிப்பை மட்டும் உன் கையெழுத்தில் அனுப்பினால் நன்றாக இருக்காது.

கடை சாத்துகிற நேரமாகப் பார்த்துப் போனேன். அவன் உடைந்த டைல்ஸ்களைத் தனியாக அடுக்கிக்கொண்டிருந்தான். நானும் கூட நின்று நாலைந்து எடுத்துக் கொடுத்தேன். அப்புறம் சொன்னேன்.

"பொண்ணு வர மாட்டாடா."

"டிசம்பர்ல லீவு கிடைக்கலையா?"

"வேலை நிரந்தரமாயிடுச்சு. அங்கேயே இருக்கப் போறா. நம்ம பேசினது நடக்காது."

கையில் இருந்த டைல்ஸை மெதுவாகக் கீழே வைத்தான். "இப்பதான் சொன்னாளா?"

இங்கே ஒரு 'ஆமாம்' போட்டிருந்தால் கதை சுலபமாக முடிந்திருக்கும். பழி உன் தலையில் விழுந்திருக்கும், நாங்கள் இரண்டு பேரும் தேநீர் குடித்திருப்போம்.

"இல்ல. ஜனவரியிலேயே சொல்லிட்டா. ஜூன்ல எழுதியும் அனுப்பினா. நான்தான் உன்கிட்ட சொல்லல."

"உன் பேச்சை நம்பி, வந்த ரெண்டு இடத்தை வேணாம்னு சொல்லியிருக்கேன்டா நான்."

"தெரியும்."

"தெரிஞ்சும் தினம் என் எதிர்ல உக்காந்து டீ குடிச்சிருக்க."

இன்னொரு உடைந்த டைல்ஸை எடுத்து நீட்டினேன். அவன் வாங்கவில்லை. அவன் ஷட்டரை இழுத்துவிட்டான். நல்லவேளை, நான் வெளியில்தான் இருந்தேன்.

இப்போது தேநீருக்கு வருவதில்லை. எதிர்க்கடை என்பதால் பார்க்காமலும் இருக்க முடிவதில்லை. நான் பார்த்தால் அவன் டைல்ஸை எண்ணுகிறான், அவன் பார்த்தால் நான் டப்பாவைக் குலுக்குகிறேன். ஹாலுக்கு எடுத்து வைத்திருந்த டைல்ஸை வேறு யாருக்கோ விற்றுவிட்டான், லாபம் வைத்துத்தான். அவன் கோபம் நியாயமானது. எப்போது தணியும் என்று தெரியவில்லை. காலையில் கடை திறக்கும்போது "என்னடா" என்று ஒரு குரல் கொடுத்துப் பார்க்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. கொடுப்பதை நிறுத்தவில்லை.

நேற்று ஒருவர் பிரஷ் வாங்க வந்தார். எப்போதும் வருகிறவர், எப்போதும் கேட்கிறவர். "பொண்ணு எப்ப வருது?" என்றார். வாய் தன்னால் "வருஷக் கடைசி" என்று ஆரம்பித்துவிட்டது. பிடித்து நிறுத்திக்கொண்டேன்.

"அவ அங்கதான் இருக்கா. நாங்கதான் போகணும்" என்றேன்.

இவ்வளவு பெரிய விஷயத்தைச் சொல்லியிருக்கிறேன். மனுஷன் பிரஷின் முடி உதிர்கிறதா என்று இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "உதிராதுல்ல?" என்றார். "உதிராது" என்றேன். வாங்கிக்கொண்டு போய்விட்டார். நான் கொஞ்ச நேரம் கல்லாவைத் திறந்து வைத்துக்கொண்டு, எதற்குத் திறந்தேன் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அம்மாவுக்கு உன் இடத்தைப் பார்க்க வேண்டுமாம். எனக்கும்தான். அந்தச் செருப்பு பெஞ்சை ஒரு தடவை பார்க்க வேண்டும். எண்ணெய்க்காரம்மாவுக்கு ஒரு வணக்கம் சொல்ல வேண்டும், அவர் நடையை நீ காட்டித் தர வேண்டும். உன் அறையில் இன்னும் இரண்டு பேர் படுக்க இடம் இருக்குமா? அம்மாவுக்கு ஜன்னல் பக்கம் வேண்டும். எனக்குக் கதவுப் பக்கம் போதும், குறட்டையைக் கொஞ்சம் வெளியே அனுப்பலாம்.

டிசம்பரில் உனக்கு எது வசதி என்று எழுது. டிசம்பர் வேண்டாம் என்றால் அதையும் எழுது. பெட்டியை அம்மா இப்போதே அடுக்க ஆரம்பித்துவிட்டாள், அதைப் பற்றி நீ கவலைப்படாதே. டிக்கெட்டை உன் பதில் வந்த பிறகுதான் எடுப்பேன்.

அப்பா